திரும்பும் நாள் தெரிந்த பயணம்

இலையுதிர்காலம் என்றொரு பருவம் உண்டென்பதை நம் பிள்ளைகள் மேனாட்டுக் கதைகளிற் படித்து அறிவர், கண்டதில்லை. நமது குடாநாட்டில் அக்காலத்தில் இலை உதிர்வதில்லை, மழைதான் உதிர்கிறது. புரட்டாதிக் கடைசியில் வானம் கறுக்கும். ஐப்பசியில் உரும்பிராய்ச் செம்மண் ஒழுங்கைகளில் வெள்ளம் சிவப்பாக ஓடும். நம் முன்னோர் இப்பருவத்தைக் கூதிர் என்றனர். தோட்டக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கும் இவ்வேளையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உல்லாசப் பயணம் போவார் அரியர். அப்படியிருந்தும் 2016ஆம் ஆண்டில், என் தாயாரும் மனைவியும் மக்கள் இருவரும் நானுமாக ஐவர், இதே பருவத்திற் புகையிரதம் ஏறினோம். அந்தப் பயணத்தைக் காட்டிலும், அதற்காக நாங்கள் இட்ட திட்டத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் என் தாயார் சொன்ன ஒரு வார்த்தை. ஒருநாள் மாலை என் மகன் புவியியற் புத்தகத்தை விரித்து, பீதுருதாலகால மலையின் உயரம் 2,524 மீற்றர் என்று உரத்துப் படித்துக்கொண்டிருந்தான். விறாந்தையில் இருந்து வெங்காயம் பிடுங்கிக் கட்டிய பிடிகளை எண்ணிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிர்ந்தார்.

“நான் ஒரு மலையைக் கண்ணாலை கண்டதில்லை, மோனை.”

“ஏன் அப்பாச்சி, கீரிமலைக்குப் போயிருக்கிறியள்தானே?”

“கீரிமலையிலை மலை எங்கை கிடக்கு? கேணிதான் கிடக்கு.”

அனைவரும் சிரித்தோம். எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் எளிதில் வரவில்லை. அம்மாவுக்கு அப்போது வயது 74. ஆசிரியராயிருந்த என் தந்தையார், நுவரெலியாவுக்குக் கூட்டிப்போவதாக அவருக்கு ஆண்டுதோறும் வாக்களித்தவர். “வாற வருஷம்” என்பதே அவருடைய வழக்கமான விடை. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பின் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. 1990இல் புகையிரதமே நின்றது. 1993இல் தந்தையார் மறைந்தார்.

இன்றைய மாணவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே இருப்புப்பாதை முழுமையாக இணைந்தது 1905ஆம் ஆண்டில். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்பிரலில். 1990 யூன் மாதத்தின் பின் வவுனியாவுக்கு வடக்கே வண்டி வரவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் காவலரண்களுக்குப் போயின. பாதை கிடந்த இடத்திற் பற்றைக்காடு வளர்ந்தது. 2014 ஒக்டோபர் 13ஆம் நாள் மீண்டும் யாழ்ப்பாணம் வரை வண்டி வந்தபோது என் மகளுக்கு வயது 17. தன் வாழ்நாளில் அவள் முதன்முதலாகக் கண்ட புகைவண்டி அதுவே. பாலர் வகுப்பிலே “புகைவண்டி” என்று எழுதப் பழகிய பிள்ளை, அதைக் காண அத்தனை ஆண்டுகள் காத்திருந்தாள்.

எனவே, மறுநாளே குடும்ப சபை விறாந்தையிற் கூடியது. முதற் கேள்வி, எப்போது போவது? பள்ளி விடுமுறை ஆவணியில். ஆனால் அது நல்லூர்த் திருவிழாக் காலம். கொடியேறிய பின் 25 நாளும் ஊரை விட்டு அசைவதில்லை என்று அம்மா கூறிவிட்டார். மார்கழி விடுமுறையிற் புகையிலைத் தறையை விட்டு என்னால் அசைய இயலாது. மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். மகனுக்கு மூன்று நாள் விடுப்புப் பெறலாம். ஆகவே விசயதசமி கழிந்த பின், ஐப்பசி மழை இறங்குமுன் என்று முடிவாயிற்று. அப்பருவத்தில் மலைநாட்டிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும். பார்ப்பதையெல்லாம் முற்பகலிற் பார்த்துவிட வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி, எங்கே போவது? ஐவருக்கும் ஐந்து விருப்பங்கள். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். பெறுபேறு வருமுன்னரே பார்ப்பது கூடாதென்று தம்பி கேலி செய்தான். மனைவிக்குப் பேராதனைப் பூந்தோட்டம். மகனுக்குத் தெமோதரை, அங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாக நுழைந்து போகும். அம்மாவுக்குச் சீதாஎலியவில் உள்ள சீதையம்மன் கோவில். எனக்கு வண்டியின் யன்னலோரம் போதும்.

தேசப்படத்தை விரித்து வழியை வரைந்தோம். மலைநாட்டுக்குப் போக முதலிற் கொழும்புக்கே போகவேண்டும் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது வேண்டியதில்லை. வடபாதை பொல்காவலையிற் பிரதான பாதையோடு சேர்கிறது. அங்கே இறங்கிக் கண்டி வண்டியில் மாறி ஏறலாம். கண்டி நகரமோ பிரதான பாதையிலிருந்து பேராதனைச் சந்தியிற் பிரியும் கிளையில் உள்ளது. கண்டியில் இரண்டு இரவு தங்கி, பின் நாவலப்பிட்டி, ஹற்றன் வழியாக நானுஓயாவுக்கு ஏறுவது; அங்கிருந்து நுவரெலியாவுக்குத் தெருவழியே போய்வருவது; மீண்டும் வண்டி ஏறி, நாட்டின் மிக உயர்ந்த நிலையமான பட்டிப்பொலவைக் கடந்து, பண்டாரவளை, எல்ல, தெமோதரை வழியாகப் பதுளை. பதுளையிலிருந்து இரவு வண்டியிற் கொழும்பு. வெள்ளவத்தையில் என் தங்கை வீட்டில் ஒருநாள் தங்கி, யாழ்தேவியில் வீடு திரும்புவது.

மகள் தன் வரலாற்றுப் பாடத்தை நினைவுகூர்ந்தாள். 1867இற் கண்டிக்குப் பாதை போட்டது மக்கள் உலாவுவதற்கன்று, கோப்பிக்காக. கோப்பியை இலைநோய் அழித்த பின் தேயிலை வந்தது. பாதையும் அதைத் தொடர்ந்து மேலே ஏறி, 1885இல் நானுஓயாவையும் 1924இற் பதுளையையும் அடைந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு உழைக்க வந்த நம் தமிழ்மக்களோ மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகவே போயினர். பசியிலும் நோயிலும் வழியில் மாண்டோர் மிகப் பலர்.

“அவையளுக்குத் திரும்பிப் போற நாள் எண்டு ஒண்டு தெரிஞ்சிருக்காது, என்னப்பா?” என்றாள்.

அதுவரை சும்மா இருந்த அம்மா, வெற்றிலைத் தட்டத்தை அப்பால் நகர்த்தினார்.

“தம்பி, போறதுக்கு எல்லாம் எழுதிப்போட்டாய். திரும்பி வாறதுக்கு ரிக்கற் எடுத்தாச்சோ?”

“அதைப் பிறகு கொழும்பிலை எடுக்கலாம், அம்மா.”

“இல்லை. முதல் அதை எடு. அதுக்குப் பிறகு போற ரிக்கற்றை எடு.”

நான் மறுமொழி கூறவில்லை. அம்மா எதை நினைத்தார் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பம் ஒன்றாகப் புறப்பட்ட முந்திய பெரும் பயணமும் இதே பருவத்தில்தான் நிகழ்ந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை, எல்லோரும் உடனே வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. திட்டமிட நேரமேது? நான் சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டினேன். தங்கை மாட்டை அவிழ்த்து விட்டாள். அம்மா ஒரேயொரு துணிப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். வளவின் உறுதியும், எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும், தந்தையாரின் படமும் அதில் இருந்தன. வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கானோர் அந்த இரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். மழை கொட்டியது. சைக்கிளில் ஒரு மணி நேரத்திற்குள் போகக்கூடிய நாவற்குழிப் பாலத்தை நாங்கள் அடைந்தபோது விடிந்துவிட்டது. “எப்ப அம்மா திரும்பி வாறது?” என்று தங்கை கேட்டாள். அம்மாவிடம் விடை இல்லை. ஆறு மாதம் மட்டுவிலில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். 1996 சித்திரைக்குப் பின் மீண்டபோது வீட்டின் ஓடுகள் இல்லை. கிணறும் மாமரமும் இருந்தன.

அன்று முதல் அந்தத் துணிப்பை அம்மாவின் கட்டிலருகே ஓர் ஆணியில் தொங்கியது. ஓரிரவு வெளியிற் தங்குவதாயினும், செத்தவீடாயினும் கலியாண வீடாயினும், அதுவும் கூடவே போகும். இருபத்தொரு ஆண்டுகள் நாங்கள் எவரும் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

மறுநாட் காலையிலேயே யாழ்ப்பாண நிலையத்துக்குப் போய், கொழும்பிலிருந்து வரும் ஆசனங்களையே முதலிற் பதிவு செய்தேன். சீட்டுகளை அம்மாவின் கையிற் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டு நாளை வாசித்தார். பின் அவற்றைச் சுவாமி அறையில் வைத்தார்.

அதன் பின் வேலைகள் விரைவாக நடந்தன. ஆளுக்கொரு பைதான் என்று மனைவி சட்டம் போட்டாள். வண்டி மாறும்போது தூக்குபவர் நாமே அல்லவா? கம்பளிச் சட்டைக்கு இடம் வேண்டுமென்பதால் அழகுச் சேலைகள் இரண்டு வெளியே வந்தன. பனம்பழக் காலமாகையாற் பனங்காய்ப் பணியாரம் ஒரு பெட்டி நிறையச் சுட்டார்கள். அது நாலைந்து நாள் பழுதாகாது. தட்டை வடையும் எள்ளுருண்டையும் வேறு. புரட்டாதிச் சனி விரதத்துக்கு ஏற்ற சைவச் சாப்பாட்டுக்கடை எங்கெங்கே உண்டென மகன் விசாரித்து எழுதினான். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவும் விளக்கேற்றவும் அடுத்த வளவு அக்கா ஒப்புக்கொண்டார்.

புறப்படும் நாளுக்கு முந்திய இரவு. பைகளெல்லாம் வரிசையாக விறாந்தையில் இருந்தன. அம்மாவின் பையை எடுத்துப் பாரம் பார்த்த மனைவி, என்னைக் கண்ணால் அழைத்தாள். சேலைகளுக்கு அடியில் அந்தத் துணிப்பை இருந்தது. “இருக்கட்டும், ஒண்டும் சொல்லாதையும்” என்றேன். ஒருவர் காப்பாற்றிய பொருளை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை.

விடியற்காலையில் ஓட்டோ வந்து படலையில் நின்றது. நாங்கள் ஏறினோம். அம்மாவைக் காணவில்லை. உள்ளே போனேன். அவர் தம் பையைத் திறந்து, துணிப்பையை எடுத்து, பழைய ஆணியிலே மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், ஏதோ களவு செய்தவர்போற் சற்று வெட்கப்பட்டார்.

“ஏன் அம்மா?”

“வாற ரிக்கற் கிடக்குத்தானே, தம்பி. திரும்பி வாறவை ஏன் உறுதியைக் காவுவான்?”

கதவைப் பூட்டித் திறப்பை அடுத்த வளவு அக்காவிடம் கொடுத்தார். 

நாவற்குழிப் பாலத்தில் வண்டி ஏறியபோது இருபுறமும் கடல்நீர் காலை வெயிலில் மின்னியது. பிள்ளைகள் யன்னலில் முண்டினர். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிறிது நேரம் வெளியே நோக்கினார். பின்னர் பணியாரப் பெட்டியின் மூடியைத் திறந்து, “விடியத் தேத்தண்ணியோடை வந்த பிள்ளையள், சாப்பிடுங்கோ” என்றார்.

மலையைக் கண்டபோது அவர் சொன்னதையும் தெமோதரையில் மகன் போட்ட கூச்சலையும் எழுதப்போனால் இடம் போதாது. திட்டத்தில் எழுதிய நாளில், எழுதிய வண்டியில், நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம் என்பதை மட்டும் கூறுவேன். குறிப்பேடும் பென்சிலுமாக ஒரு குடும்பம் விறாந்தையில் உட்கார்ந்து நாட்களை எண்ணுவது சிறிய காரியம்போலத் தோன்றலாம். அடுத்த மாதம் தம் வீட்டில் இருப்போம் என்று நம்பக்கூடியவர்களுக்கே அது வாய்க்கும். ஆகவே, வாசகர்களே, நீங்களும் பயணம் போகத் திட்டமிடுவீர்களாயின், வீட்டு முதியோரையும் சபையில் இருத்துங்கள். திரும்பும் சீட்டை முதலில் எடுங்கள்.