கப்பலில் வருபவர்களுக்கு மயிலாப்பூர்

சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நின்றால் பயணிகளுக்குப் பெரும்பாலும் ஒரு பகல்தான். அதற்குள் கோட்டை, சாந்தோம், மயிலாப்பூர், சில சமயம் மாமல்லபுரமும்! மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். இடையில் பேருந்தில் வந்து இறங்கும் பயணிகள் கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

வழிகாட்டிகளே, காலையிலேயே மயிலைக்கு அழைத்து வாருங்கள். மாடவீதியில் பூக்காரம்மா மல்லிகையைக் கையால் முழம் போட்டுத் தருவதை நின்று பார்க்க விடுங்கள். பழைய கோயில் கடலோரம் இருந்ததாகவும், போர்த்துகீசியர் காலத்தில் அழிந்ததாகவும் சொல்லப்படுவதை எடுத்துச் சொல்லுங்கள். 1896இல் கட்டி முடித்த சாந்தோம் பேராலயம் இப்போதைய கோயிலிலிருந்து நடக்கும் தூரம்தான். நடத்தியே கூட்டிப் போங்கள்.

இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். நம் ஊர் அவர்கள் மனதில் நிற்கும்.