கயிறு பிடிப்போர்

முத்துக்குளித்துறை என்று வரலாறு போற்றும் கடற்கரை நம்முடையது. கொற்கை முத்தின் புகழைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பகுதியைக் கண்ட மார்க்கோ போலோ இங்கு நிகழ்ந்த முத்துக்குளிப்பைத் தம் பயண நூலில் எழுதி வைத்தார். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்று போயிற்று. எனினும் அத்தொழிலின் முறையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குளிப்பவர் கனமான கல்லொன்றின் துணையால் கடலடிக்கு இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளை வாரிப் பையில் இடுவார். கயிற்றை அசைத்ததும் தோணியில் நிற்பவர் அவரை மேலே இழுப்பார். இறங்குவதற்குக் கல் போதும். கரையேறுவதற்குக் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையில் ஒப்படைப்பதே மரபு என்றும், தன் சகோதரியின் வாழ்வு அதில் தொங்குவதால் அவன் கண்ணயர மாட்டான் என்றும் காரணம் கூறுவர்.

கடந்த ஐந்து ஆண்டுகளாக அத்தகைய கயிறு ஒன்றை நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நாங்கள் என்றால் உடன்பிறந்தார் மூவர். கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் எங்கள் ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான்.

மச்சான் அவர்கள் துறைமுகம் சார்ந்த தொழிலில் இருப்பவர். காலையில் அமர்ந்தால் இரவு வரை நாற்காலியை விட்டு எழ நேரமிராது. நாற்பத்தெட்டாம் வயதில் அவருடைய எடை 138 கிலோ. சர்க்கரை நோய் பத்தாண்டுகளாக உண்டு. இரவில் உறக்கத்தினிடையே மூச்சு நின்று நின்று வரும். ராத்தா விழித்திருந்து அவரைத் தட்டி எழுப்புவார். பட்டினி, பத்தியம், நடை என எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பத்துக் கிலோ குறையும். ஓராண்டிற்குள் பன்னிரண்டு கிலோ ஏறும். இறுதியில் மருத்துவர்களின் அறிவுரைப்படி மதுரையில் ‘ஸ்லீவ்’ எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை செய்யப்பட்டது.

அறுவையின் இயல்பைச் சிறிது விளக்குதல் நலம். இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கிற்கு மேல் நீக்கப்பட்டு, எஞ்சிய பகுதி வாழைப்பழம் போன்ற குழாயாக விடப்படுகிறது. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பு நீரைப் பெருமளவில் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதி. அதுவும் அகற்றப்படுவதால் கொள்ளளவோடு பசியும் குறைகிறது. இத்துறைக்கு அடித்தளமிட்டோருள் ஒருவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன். அவர் 1966இல் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். நம் நாட்டில் அரசியல் தலைவர் நிதின் கட்கரி 2011இல் இத்தகைய அறுவையைச் செய்துகொண்ட செய்தி பரவியபோதுதான், பலரும் இப்படி ஒரு மருத்துவம் உண்டென்பதையே அறிந்தனர்.

மச்சானின் எடை பதினான்கு மாதங்களில் 97 கிலோவிற்கு வந்தது. இன்சுலின் ஊசி நின்றது. இரவில் ராத்தா உறங்கினார். பள்ளிவாசலில் அவரைக் கண்டோர் அடையாளம் தெரியாமல் திகைத்தனர். சுற்றத்தார் அனைவரும் ‘காரியம் முடிந்தது’ என்று மகிழ்ந்தனர். காரியம் தொடங்கியது அப்போதுதான்.

மூன்றாம் ஆண்டின் முடிவில் எடை 106 கிலோவைத் தொட்டது. மச்சான் வாய்விட்டு ஒன்றும் கூறவில்லை. எடைபோடும் கருவி கட்டிலுக்கடியில் போயிற்று. பழைய சட்டைகளைத் தானம் கொடுக்க எடுத்து வைத்திருந்த மூட்டையை அவர் திரும்ப அலமாரிக்குள் வைத்ததை ராத்தா கண்டார். ‘இத்தனை பணம், இத்தனை வலி, எல்லாம் வீண்’ என்ற எண்ணம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. அறுவைக்கு முந்திய அச்சத்தைவிட இந்த வெட்கமே அவரை மிகுதியாக வாட்டியது. வெட்கத்தால் மருத்துவரிடம் செல்வதையும் நிறுத்தினார். ஆபத்து எடையில் மட்டும் இல்லை, இந்த ஒளிதலிலும் உண்டு என்பதை நாங்கள் உணர்ந்தது அப்போதுதான்.

ஆகவே படித்தோம், கேட்டோம். ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய பேராய்வு ஒன்று அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், வழக்கமான மருத்துவம் பெற்ற 2,037 பேரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஸ்லீவ் முறை அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனினும் அதன் பாடம் பொதுவானது. இரைப்பை மாற்றுவழி அறுவை பெற்றோர் முதலிரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32 விழுக்காடு எடையை இழந்தனர்; பத்தாண்டுகளின் முடிவில் அவ்விழப்பு 25 விழுக்காடாக இருந்தது. அதாவது ஓரளவு எடை திரும்புதல் தனியொருவரின் தோல்வியன்று, பெரும்பாலோர்க்கும் நேர்வது. அவ்வாறு திரும்பிய பின்னரும், அறுவை பெற்றோரிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்ததை 2007இல் வெளிவந்த முடிவுகள் காட்டின. இக்கணக்கை மச்சானிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எடைக்கருவியைக் கட்டிலுக்கடியிலிருந்து தாமே வெளியே எடுத்தார்.

எடை ஏன் திரும்புகிறது? உடலுக்குப் பஞ்சம் எது, மருத்துவம் எது என்று பிரித்தறியத் தெரியாது. எடை குறைந்ததும் அது தன் எரிபொருள் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் உணவாலும் உடற்பயிற்சியாலும் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த கெவின் ஹால் குழுவினர், அவர்களுடைய உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல், எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்ததாக 2016இல் தெரிவித்தனர். அறுவை செய்துகொண்டோர்க்கு இதே அளவு பொருந்தும் என்பதில்லை. ஆயினும் உடல் பழைய எடையை நோக்கி இழுக்கும் என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாவது காரணம் நம் ஊரின் இனிப்புக் கடைகளில் இருக்கிறது. சிறுத்த இரைப்பை ஒரு தட்டுச் சோற்றைத் தடுக்கும். இறைச்சித் துண்டைத் தடுக்கும். வாயிலிட்டதும் கரையும் மக்ரூனை அது தடுப்பதில்லை. முந்திரியும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பண்டம் தூத்துக்குடியின் பெருமை. எங்கள் மச்சானுக்கோ அது பின்வாசல் வழி நுழையும் விருந்தாளி. சர்க்கரையிட்ட தேநீர், நன்னாரி சர்பத், குளிர்பானம், இடைவிடாத கொறிப்பு ஆகியனவும் அவ்வகையினவே. அலுவலக மேசையில் நாளெல்லாம் தேநீர் வந்துகொண்டிருந்த ஒருவர்க்கு எடை ஏறியதில் வியப்பில்லை.

மூன்றாவது காரணம் அன்பு. எங்கள் பூர்விகம் காயல்பட்டினம். களறி விருந்தில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது எங்கள் மரபு. ஒருவர் கையை எடுத்துக்கொண்டால் மற்றவர் மனம் வருந்தும். “ஒரு வாய் தின்னுங்க மச்சான், எங்க மேல கோவமா?” என்று கேட்பவர் பகைவர் அல்லர், உயிராக நேசிப்பவர். வட்டலப்பம் வரும், அதை மறுப்பது விருந்தளித்தவரையே மறுப்பதாகும் என்ற எண்ணமும் உடன் வரும். மச்சான் இரண்டு வாய் அவசரமாக விழுங்கிவிட்டு, வலி தாளாமல் கொல்லைப்புறம் சென்று வாந்தியெடுத்து, முகம் கழுவிச் சிரித்தபடி திரும்பி வந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அதன் பின்னர் இல்லத்தில் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். அவை எமக்கு மருத்துவரும் உணவியல் வல்லுநரும் கூறியவை. தட்டில் முதலிடம் புரதத்திற்கு. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் உடலில் சேர வேண்டும்; இன்றேல் கொழுப்போடு தசையும் கரையும். இதற்குக் கடல் நமக்குத் துணை. சாளையும் நெத்திலியும் விலை குறைந்தவை, புரதம் நிறைந்தவை. மீன் முதலில், காய்கறி அடுத்து, சோறு இடமிருந்தால் இறுதியில். நீர் உணவோடு இல்லை. உணவுக்குப் பின் அரைமணி நேரம் கழித்தே. நன்கு மென்று, இருபது நிமிடத்திற்குக் குறையாமல் உண்ணுதல். அதிகாலைத் தொழுகைக்குப் பின் கடற்கரைச் சாலையிலும் ரோச் பூங்காவிலும் நடை; வாரத்தில் இருமுறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. வெள்ளிக்கிழமைதோறும் எடையைக் குறிப்பேட்டில் எழுதுதல். இரண்டு கிலோ ஏறினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பத்துக் கிலோ ஏறும் வரை காத்திருக்கக் கூடாது.

மாத்திரைகளைப் பற்றித் தனியே கூற வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம், டி, பி12 முதலிய உயிர்ச்சத்துகள் வாழ்நாள் முழுதும் தேவைப்படுகின்றன. உடல் தேறிவிட்டது என்று மச்சான் அவற்றை நிறுத்திய ஆறேழு மாதத்தில் பாதங்கள் மரத்துப் போயின, படியேறினால் களைத்தது. பரிசோதனையில் பி12 மிகக் குறைந்திருந்தது தெரிந்தது. ஊசி போட்ட பின் நலமடைந்தார். காலம் கடந்திருப்பின் நரம்புப் பாதிப்பு நிலைத்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். எனவே ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை தவிர்க்க இயலாதது.

நோன்புக் காலமும் எங்களைச் சிந்திக்க வைத்தது. முதலாண்டில் நோன்பு வேண்டா என்று மருத்துவர் கூறினார். சிறுத்த இரைப்பையால் இரவின் குறுகிய பொழுதிற்குள் போதிய நீரையும் புரதத்தையும் ஏற்க இயலாது. நோயுற்றோர்க்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை அனைவரும் அறிந்ததே. ஆயினும் மச்சான் மனம் கலங்கினார். பெரியவர் ஒருவர் அவரருகில் அமர்ந்து, அச்சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே என்று எடுத்துரைத்த பின்னரே அமைதியுற்றார். அடுத்த ஆண்டு மருத்துவரின் ஒப்புதலோடு நோன்பு நோற்றார்: திறந்ததும் நீர், இடைவெளி விட்டுச் சிறு கிண்ணம் கஞ்சி, தொழுகைக்குப் பின் மீன், சமோசாவும் வடையும் இல்லை.

இன்று மச்சானின் எடை 101 கிலோ. தொடக்க எடையில் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைவு. 97ஐ மீண்டும் தொடுவாரா என்று எவரும் கேட்பதில்லை. இன்சுலின் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறார். இப்போது எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகளும் வந்துள்ளன. டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அறுவைக்குப் பின் எடை ஏறுவோர்க்கும் இம்மருந்துகளை மருத்துவர்கள் தேவை நோக்கிப் பரிந்துரைக்கின்றனர். எனினும் ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. கத்தியாயினும் ஊசியாயினும் தொடர்ந்த கவனிப்பிற்கு மாற்று இல்லை.

இஃது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை உடையோர். அவர்களுள் அறுவை தேவைப்படுவோர் சிலரே. ஆனால் அருகிருந்து உதவுவோர் அனைவர்க்கும் தேவை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை வகுப்பறையில் பாடமாக நடத்துகிறோம். அதன் பத்துக் குறள்களுள் பாதிக்கு மேற்பட்டவை உண்ணும் அளவையும் முறையையும் பேசுவன. இறுதிக் குறளோ மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு அருகிருந்து உதவுபவரையும் ஒரு கூறாக வைக்கிறது. மருத்துவமனைச் செலவுப் பட்டியலில் அந்த நான்காம் கூறு இடம்பெறுவதில்லை. அதை வீடுதான் ஈடுசெய்ய வேண்டும்.

ஆகவே சமுதாயப் பெரியோர்க்கு எங்கள் வேண்டுகோள் இது: விருந்தில் ஒருவர் கையை எடுத்துக்கொண்டால் காரணம் கேளாதீர்கள், அருகில் அமர்த்திப் பேசிக்கொண்டிருங்கள், அதுவே போதும். மாணவச் செல்வங்களுக்கு ஒன்று: பருத்த உடலைக் கண்டு நகையாடாதீர்கள்; இளைத்த உடல் மீண்டும் பருத்தால் ‘அவ்வளவு செலவழித்தும் பயனில்லையே’ என்று சொல்லாதீர்கள். அச்சொல்லே ஒருவரை மருத்துவரிடமிருந்து விலக்கிவிடும். அடுத்த மாதம் மச்சானின் ஆண்டுப் பரிசோதனை. இம்முறை உடன் செல்லும் முறை எங்களுள் இளையவருக்கு.