கார்டு லைனில் ஒரு கடல்

வைகை, பல்லவன் ரயில்களில் போகிறவர்கள் லால்குடி தாண்டியதும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். காவிரி போச்சு, கொள்ளிடம் போச்சு, வாழைத்தோப்பும் முடிந்தது. இனி விருத்தாசலம் வரை பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அரியலூர்க்காரனான எனக்கு இந்த நினைப்பின்மேல் வெகுநாள் கோபம். திருச்சியிலிருந்து விழுப்புரம் போகும் இந்தக் கார்டு லைனில் பார்க்க வேண்டியதே புள்ளம்பாடிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. திருச்சி, பொன்மலை, ஸ்ரீரங்கம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் தாண்டிப் போகிறேன்.

கல்லக்குடியில் வண்டி நிற்கும் இடத்தில் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பவளமும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்து திட்டுகள் கட்டியிருந்தன. ஆறு கொண்டுவரும் மணலும் சேறும் அதிகம் எட்டாத, வெயில் அடிவரை இறங்குகிற, ஆழம் குறைந்த கடல் அது. தண்ணீரில் கரைந்திருந்த கால்சியத்தை எடுத்து ஓடு கட்டிக்கொண்ட உயிர்கள் செத்துச் செத்து அடுக்கானதுதான் இந்தச் சுண்ணாம்புக்கல். அதைத் தேடித்தான் 1939இல் சிமெண்டு ஆலை வந்தது. ஊருக்கு டால்மியாபுரம் என்று பெயரும் வந்தது. அந்தப் பெயரை மாற்றச் சொல்லி 1953இல் கருணாநிதி இங்கே தண்டவாளத்தில் படுத்துச் சிறைக்குப் போனார். ஊர்ப் பெயருக்காக ரயிலை மறித்த நாட்டில், ஊருக்கடியில் இருந்த கல்லுக்காக ஒரு மனு எழுதியவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

இங்கிருந்து பாறை அடுக்குகள், வேய்ந்த ஓடுகளைப் போல, கிழக்கே லேசாகச் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. ஆகவே வண்டி வடகிழக்கே போகப் போகக் கல்லின் வயது குறைகிறது. கல்லக்குடி, சில்லக்குடி, ஒட்டக்கோவில் என்று ஸ்டேஷன் பலகையில் நாம் படிக்கும் பெயர்களையே புவியியலாளர்கள் பாறை அடுக்குகளுக்கும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியை நடந்து அளந்த புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1860களில் அதை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். சேகரித்த அம்மோனைட்டுகளையும் (சுருள் ஓடுள்ள கடலுயிர்கள்) சிப்பிகளையும் கல்கத்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விவரித்து எழுதியவர் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா. 1874இல் இமயமலைப் பயணத்தில், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அரியலூர் என்ற சொல் ஐரோப்பிய நூலகங்களில் அப்போதே புழங்கியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

அரியலூருக்கு முன்னால் மருதையாற்றுப் பாலம். 1956 நவம்பரில் வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்த இடம். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது இதற்காகத்தான்.

அரியலூரில் இறங்கிக் கிழக்கே நடந்தால் கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயில் என்பது பெயர்ப்பலகையில். எங்களுக்கு அவர் கலியபெருமாள். சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயர் இல்லாத வம்சத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூலவருக்குக் கல் கம்பம்தான் உருவம். ராமநவமியை ஒட்டிக் கொடியேறித் தேர் வரும்போது, நேர்ந்துகொண்ட சம்சாரிகள் கம்பு, சோளம், கடலை, மிளகாய் என்று விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள்; கன்றுக்குட்டியை ஓட்டிவந்து விட்டுப்போவார்கள். அப்பாயி என்னைக் கூட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிடும். கரிசல் காட்டு வண்டிப்பாதையில் வெயில் ஏறும் நேரத்துக்கு, சக்கரம் அரைத்த தடத்திலும் வரப்போரத்திலும் சிப்பிகள் தெரிய ஆரம்பிக்கும். சில உள்ளங்கையை மறைக்கும். ஓரம் ரம்பப் பல்லாக மடிந்தவை சில. ஒருபக்க ஓடு மட்டும் குண்டாக வளைந்தவைதான் அதிகம். டவுசர் பை கனக்கக் கனக்கப் பொறுக்குவேன். “கல்லப் போட்டுட்டு வாடா, தேரு கெளம்பிரும்” என்று அப்பாயி திட்டும். தேரடியில் கூட்டம், தூசி, பானகம், பம்பரம். வடம் பிடிக்கும் ஆட்களின் காலடியில் ஏழு கோடி ஆண்டுச் சிப்பி நொறுங்கும். கல்லங்குறிச்சி அடுக்கு என்று உலகம் அறிந்த பாறை அதுதான். அதன்மேல் நின்றுகொண்டு நாங்கள் மழை வேண்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த வழியில் கால் வைக்க டிப்பர் லாரி விட்டால்தான் உண்டு. வேப்பிலையெல்லாம் வெள்ளைப் பொடி. ஆலைகளை மூடச் சொல்ல நான் வரவில்லை. லாரி, எடைமேடை, சூளை என்று ஏதாவதொன்றில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத தெரு எங்களூரில் கிடையாது. மைன்ஸ் குழி வெட்டியிராவிட்டால் இந்த அடுக்குகளைச் சுவராக நிறுத்திப் பார்த்திருக்கவும் முடியாது. ஆராய்ச்சிக்கு வருகிறவர்களும் குழிக்குள்தான் இறங்குகிறார்கள். ஆனால் இன்று பார்த்த சுவர் அடுத்த வருடம் சூளையில் இருக்கிறது. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நாற்பத்து நான்கு கிலோ கரியமில வாயுவாகப் போகும்: சிப்பி கடலிலிருந்து எடுத்துப் பூட்டிவைத்ததை நாம் புகைபோக்கி வழியாகத் திறந்துவிடுகிறோம். கல் தீர்ந்த குழிக்கு வேலி போடு, மரம் நடு என்று விதி இருக்கிறது. அதோடு ஒரு சுவரை வெட்டாமல் விட்டு, இறங்கப் படியும் ஒரு பலகையும் வைக்கச் சொன்னால் எந்த ஆலையும் திவாலாகாது. பெரம்பலூர்ப் பக்கம் காரையின் வெடித்த களிமண் மேடுகளைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

ஒட்டக்கோவில் தாண்டினால் கடல் பின்வாங்குகிறது. கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. 1980களில் அங்கிருந்து விவரிக்கப்பட்ட ஒரு கால் எலும்பு 2 மீட்டர் நீளம். பாதுகாக்க முடியாமல் பொடிந்துபோயிற்று. படமும் அளவுகளும்தான் மிச்சம். செந்துறைப் பக்கம் நின்னியூரில் மறுபடி சுண்ணாம்புக்கல், மறுபடி ஆழமில்லாக் கடல். ஆனால் அதில் அம்மோனைட் இல்லை. அவற்றை அழித்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு இடையில் நடந்து முடிந்துவிட்டது. தப்பிப் பிழைத்த நாட்டிலஸ் வகை ஒன்று இருக்கிறது, பாசிகள் இருக்கின்றன. அந்தப் பாசிகளைப் பற்றி பெங்களூர்ப் பேராசிரியர் எல். ராமராவ் 1936இல் எழுதியதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

வெள்ளாறு, பெண்ணாடம், விருத்தாசலம், உளுந்தூர்ப்பேட்டை. தூங்குகிறவர்கள் தூங்கலாம்.

விழுப்புரத்தில் இறங்கித் திருவக்கரைக்குப் பஸ் பிடித்தால் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கலாம். அரியலூர்ச் சிப்பியோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தவை, வெறும் இரண்டு கோடி ஆண்டுதான். ஆனால் அவற்றுக்கு வேலி இருக்கிறது. ஒரு சில்லைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வர விடமாட்டார்கள்.