பழைய லாண்ட் றோவரில் நோய் நாடல்

1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட லாண்ட் றோவரின் 'சீரிஸ்' வகை, 1985 வரை உற்பத்தியானது. மலையகப் பாதைகளில் அவற்றை இன்றும் காணலாம். எஞ்சினின் விசையைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் உறுப்புக்களில் ஒரு சத்தம் எழுந்தவுடன் கியர்ப் பெட்டியை இறக்கிவிடும் வழக்கம் சில கராச்சுகளில் உண்டு. பணமும் நாளும் வீணாவதன்றி அதனால் விளையும் பயன் சொற்பமே.

புகை கண்டு நெருப்பை உணரும் அனுமானத்தை மணிமேகலை விரித்துரைக்கிறது. தேர்ந்த மெக்கானிக் கையாள்வதும் அதுவே. (அளவையியல் கற்பிப்போர் ஒருமுறை கராச்சுக்குச் சென்று வரலாம்.) வாகனத்தின் வேகத்தை மாற்றாது கியரை மட்டும் மாற்றியும் அதிர்வு மாறாதிருப்பின், குற்றம் எஞ்சினிலோ கிளச்சிலோ இல்லை, புறொப்பெல்லர் ஷாப்ட் முதற் சில்லுவரை உள்ளவற்றிலேயே தேடவேண்டும். அக்சிலரேற்றரை அழுத்தும்போது எழுந்து, விட்டதும் அடங்கும் ஊளைச்சத்தம் பெரும்பாலும் டிபரன்சியற் பற்களின் தேய்வைக் காட்டும்.

பின் அச்சினுள் இருக்கும் இரு அரைத்தண்டுகளில் ஒன்று முறிதல் இவ்வாகனத்தின் பழைய நோய். எஞ்சின் இரையும், கியரும் விழும், வாகனம் அசையாது. கிளச் போய்விட்டதென்றே பலர் முடிவுகட்டுவர். மஞ்சட் குமிழை அழுத்தி முன்சில்லுகளையும் இணைத்தால் உண்மை வெளிப்படும். கிளச் கெட்டிருந்தால் அப்போதும் வாகனம் நகராது. தண்டு முறிந்திருந்தாலோ முன்சில்லுகளின் இழுவையில் வீடுவரை வந்து சேரும்.

ஆயினும் அச்சோதனைக்கு முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். இவ்வாகனத்தின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதன்று. பின் புறொப்பெல்லர் ஷாப்டின் தொடக்கத்திலுள்ள உருளையையே பிடிக்கிறது. அரைத்தண்டு ஒன்று முறிந்தால் அப்பிடி பயனற்றுப்போம். பின்சில்லொன்றை ஜாக்கியால் உயர்த்தினாலும் அதே கதிதான்: உயர்ந்த சில்லு எதிர்ப்புறமாகச் சுழல, நிலத்திலிருக்கும் சில்லு தடையின்றி உருளும். கைப்பிறேக்கை இழுத்துவிட்ட நம்பிக்கையோடு சரிவிலே வாகனத்தின் கீழே படுத்திருப்பவனுக்கு இதை அறியாமை உயிராபத்து.

நல்லவேளையாக, 1958க்குப் பிந்திய வாகனங்களில் தண்டைப் பார்க்க ஜாக்கியே தேவையில்லை. சில்லின் நடுவேயுள்ள ஆறு போல்ற்றுக்களைக் கழற்றி அதனை வெளியே இழுத்துவிடலாம். குறைத்தண்டு மாத்திரம் கையில் வந்தால், எஞ்சிய துண்டு உள்ளே டிபரன்சியலருகே கிடக்கிறது. புதியதைச் செலுத்துமுன் அதனை வெளியே எடுத்தாக வேண்டும்.