பழைய படகு, புது ஓனர், நடுவுல பாக் விரிகுடா

எங்க ஊர்ப் பேரில் ஒரு நிரந்தரச் சிக்கல் உண்டு. புதுக்கோட்டை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே மாவட்டத் தலைநகரை நினைத்துக்கொள்வார். "இல்லைங்க, நாகமலை புதுக்கோட்டை. மதுரைக்கு மேற்கே, தேனி ரோட்டுல, யுனிவர்சிட்டிக்கு முன்னாடி" என்று முழு விலாசமும் ஒப்பிக்க வேண்டும். இந்த வருஷம் மாசியில் முதல்முறையாக அந்தச் சிக்கல் உபகாரம் செய்தது. கோட்டைப்பட்டினத்தில் படகு விற்றவர் "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். புதுக்கோட்டை என்றேன். "அட, நம்ம மாவட்டத்துப் புள்ளையா!" என்று ஒரு ரவுண்டு டீ சொல்லிவிட்டார். நான் விளக்கம் கொடுக்க வாயைத் திறப்பதற்குள் நண்பன் என் காலை மிதித்தான் :-)

நண்பன் மண்டபத்துக்காரன். மதுரையில் என்னோடு படித்தவன். அப்பா கடல் தொழில். பையன் படித்து, சென்னையில் வேலை பார்த்து, வெறுத்துப்போய் ஊருக்கே திரும்பி, கையிலிருந்த சேமிப்பில் 28 அடி பைபர் படகு ஒன்றை எஞ்சினோடு செகண்ட் ஹேண்டில் வாங்கினான். எட்டு வருஷம் ஓடிய படகு. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். கைவசம் வேறு பணம் கிடையாது. இது முழுகினால் அவனும் முழுக வேண்டியதுதான்.

சரி, அதில் எனக்கென்ன வேலை? கடலுக்கும் எங்க ஊருக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். எனக்குத் தெரிந்தது கிணத்து நீச்சல், அதுவும் கண்மாய் நிறைஞ்ச வருஷத்தில் மட்டும். ஆனால் "மாப்ள, நீ மேப்பு, காத்து, மழையெல்லாம் கம்ப்யூட்டர்ல பார்ப்பல்ல, படகைக் கோட்டைப்பட்டினத்துலேருந்து மண்டபத்துக்குக் கடல் வழியா கொண்டு வரணும், பிளான் போட்டுக் குடு" என்று கேட்டுவிட்டான். லாரியில் ஏற்றினால் என்ன? வாடகை, கிரேன், ஏத்துகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்தால் எஞ்சின் சர்வீஸுக்கு வைத்திருந்த காசு காலி. கடல்தான் ஓசி.

படகு விஷயம் தெரிஞ்ச கடற்கரைக்காரங்க இனிமேல் சிரிக்காமல் படிக்கவும்.

மேப்பை விரித்துப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது கரையின் வளைவு. கோட்டைப்பட்டினத்திலிருந்து தெற்கே வரவர கரை மேற்காக உள்வாங்கி, தொண்டி, தேவிபட்டினம் என்று குழிந்து, அப்புறம் மறுபடி கிழக்கே நீண்டு மண்டபத்துக்கு வருகிறது. வில் மாதிரி. நாண் வழியாகப் போனால் சுமார் 75 கிலோமீட்டர். வில்லை ஒட்டிப் போனால் சுமார் 100. நண்பனுக்கு நாண்தான் பிடித்திருந்தது. "காலைல அஞ்சு மணிக்கு விட்டா மத்தியானச் சாப்பாடு வீட்ல."

அந்த நாணின் மேல் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். தேவிபட்டினத்துக்கு நேரே வரும்போது கரை 25 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும். இந்தப் பக்கம் கரை தூரம் என்றால் அந்தப் பக்கம் எது கிட்டம்? 1974-ல் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்துப் போட்ட எல்லைக்கோடு. அந்தக் கோடு நேராகப் போவதில்லை. 9 டிகிரி 40.15 நிமிஷம் வடக்கு, 79 டிகிரி 22.60 நிமிஷம் கிழக்கு என்ற புள்ளியில் நம்ம பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டு வருகிறது. நாண் வழியில் போனால் அந்த மூக்குக்கும் படகுக்கும் நடுவில் இருப்பது 20 கிலோமீட்டர் சொச்சம்தான். எஞ்சின் ஓடுகிற படகுக்கு அது நிறைய தூரம். நின்றுபோன படகுக்கு? மேற்கேயிருந்து காற்று அடித்து மணிக்கு ரெண்டரை கிலோமீட்டர் இழுத்தால்கூட ஒரு பகலில் அந்தப் பக்கம். 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட நம்ம மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. மீன் பிடிக்கப் போனவனுக்கும் எஞ்சின் கெட்டு மிதந்து போனவனுக்கும் ராத்திரி நேர சர்ச் லைட்டில் வித்தியாசம் தெரியாது. ஆளை விட்டாலும் படகு திரும்ப வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதை நண்பனின் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் மேப்பு எதுவும் இல்லாமல் எனக்கு ஒரு பாடம் எடுத்தார். பாக் விரிகுடாவை அவர்கள் வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடா தென்கடல். ஐப்பசியிலிருந்து வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும். அப்போது தொழில் தென்கடலில். வைகாசிக்கு மேல் கச்சான் அடித்தால் தென்கடல் ஆகாது, வடகடல் சாதுவாக இருக்கும்.

"அப்ப கச்சான் காலத்துல கொண்டு வந்தா நல்லதுதானேப்பா?" என்றேன்.

"தம்பி, நீங்க அலையை மட்டும் பாக்குறீங்க. வாடை மிரட்டும், ஆனா கெட்டுப்போன படகை நம்ம கரைக்குத் தள்ளும். கச்சான் தடவிக் குடுத்துக்கிட்டே வெளிய கொண்டு போயிரும்."

நான் நாலு நாளாக வெப்சைட்டில் அலை உயரத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: 'எஞ்சின் நின்றால் காற்று எங்கே கொண்டு போகும்?' புதுப்படகு என்றால் இந்தக் கேள்வி கடைசியில் வரலாம். நேற்று வாங்கிய பழைய படகுக்கு இதுதான் முதல் கேள்வி. ஏனென்றால் அந்த எஞ்சின் எப்போது நிற்கும் என்று அதை விற்றவருக்குத் தெரியலாம், நமக்குத் தெரியாது.

ஆக, வில் வழி. மூணு துண்டு: கோட்டைப்பட்டினம் – தொண்டி, தொண்டி – தேவிபட்டினம், தேவிபட்டினம் – மண்டபம். ஒவ்வொன்றும் முப்பது, முப்பத்தஞ்சு கிலோமீட்டர். கரை எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாடை ஓய்ந்து கச்சான் தொடங்காத மாசி, பங்குனிதான் காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடலில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும், அதற்கு முன்னாடியே முடித்துவிட வேண்டும். இந்தப் பக்கம் வாரத்தில் மூணு நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று முறை உண்டு. நாட்டுப்படகு போகிற நாளாகப் பார்த்துக்கொண்டோம். பெரிய படகுகளின் தொல்லையும் இல்லை, கூப்பிட்டால் வர நம்ம சைஸ் படகும் பக்கத்தில் இருக்கும்.

அடுத்தது படகு. ஒரு நாள் முழுக்க அதைக் கரையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தோம். அஞ்சு ரூபாய் நாணயத்தால் உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வரவேண்டும். டக் டக் என்று கெட்டியாகக் கேட்டால் சரி. தொப் தொப் என்றால் உள்ளே பைபர் அடுக்கு பிரிந்திருக்கிறது. (பலாப்பழம் வாங்கும் வித்தையேதான்.) எஞ்சின் மாட்டுகிற பின்பலகைதான் முக்கியம். உள்ளே இருப்பது மரம், மேலே பைபர் பூச்சு. எஞ்சின் போல்ட்டு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபள, உள்ளே புட்டு. எஞ்சினைத் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பார்த்ததில் பலகை அசையவில்லை. நண்பன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

மறுநாள் தண்ணீரில். கரை ஓரமாகவே ஒரு மணி நேரம் ஓட்டி, அளந்து ஊற்றிய பெட்ரோலில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தோம். மணிக்கு அஞ்சு லிட்டர் குடிக்கிறது, 11 கிலோமீட்டர் போகிறது. ஒரு துண்டுக்கு மூணு மணி நேரம், 15 லிட்டர். அப்பாவின் கணக்கு வேறு: போறதுக்கு ஒரு பங்கு, திரும்புறதுக்கு ஒரு பங்கு, கடலுக்கு ஒரு பங்கு. ஆக 45 லிட்டரோடு கிளம்பி, தொண்டியில் செலவானதை நிரப்பிக்கொள்வது என்று முடிவு.

படகோடு வந்த நங்கூரக் கயிறு பத்து பாகம்கூட இல்லை. பாக் விரிகுடாவில் ஒரு பெரிய சௌகரியம், ஆழம் அதிகம் போனால் பத்துப் பதினைந்து மீட்டர்தான். எங்கே எஞ்சின் நின்றாலும் நங்கூரம் போட்டு நின்றுகொள்ளலாம், காற்று இழுக்காது. ஆனால் அதற்குக் கயிறு ஆழத்தைப்போல அஞ்சு மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் நங்கூரம் தரையில் பிடிக்காமல் சும்மா உரசிக்கொண்டே வரும். அறுபது மீட்டர் புதுக்கயிறு வாங்கினோம். என் பிளானிலேயே உருப்படியான செலவு அதுதான். அப்புறம் லைஃப் ஜாக்கெட். "வெக்கைல எவன்டா போடுவான்" என்றான் நண்பன். "போட்டாதான் வருவேன்" என்று நானும் பிடிவாதம் பிடித்தேன். ஸ்பார்க் பிளக், பெட்ரோல் பில்டர், புரொப்பல்லர் பின் எல்லாம் ஒரு செட் கூடுதலாக ஒரு டப்பாவில். விற்பனைப் பத்திரம், மீன்வளத்துறைப் பதிவுச் சான்று, ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் கவரில். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலில் காகிதம் இல்லாமல் போனால் வம்பு.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது, எட்டு வருஷமாக அந்தப் படகை யார் ஓட்டினார்கள் என்பது. இந்த இடத்தில் எனக்கு வல்வெட்டித்துறை 'அன்னபூரணி' ஞாபகத்துக்கு வந்தது. ஈழத்து நண்பர்களுக்குத் தெரிந்த கதைதான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, கிட்டத்தட்ட 90 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரக் கப்பல். அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் அதை விலைக்கு வாங்கினார். தன் மனைவி பேரில் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பேர் மாற்றினார். அது சூயஸ் வழியாகப் போய், அட்லாண்டிக்கைக் கடந்து 1938 ஆகஸ்ட் 1-ம் தேதி மசாசூசெட்ஸில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. ராபின்சன் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை, அதற்கு முன்பே 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அப்பேர்ப்பட்டவர் வாங்கிய கப்பலே வல்வெட்டித்துறை மாலுமிகளை ஏற்றிக்கொண்டுதான் கடல் தாண்டியது. அந்தக் கப்பல் எந்தக் காற்றில் எப்படி முனகும் என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

நாங்களும் அதையே செய்தோம். பழைய ஓனரிடம் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனைக் கேட்டோம். ரெண்டு நாள் கூலி, சாப்பாடு, திரும்பிப்போக பஸ் காசு. "இதோட குணம் எனக்குத்தான் தெரியும்" என்று சிரித்தபடி ஒத்துக்கொண்டார். நண்பனுக்கு இதில் கொஞ்சம் மானப் பிரச்சினை. மீனவன் மகன் வாங்கிய படகை இன்னொருத்தன் ஓட்டி வருவதா? அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "கூட்டிட்டு வா."

கடைசியாக, கரையில் ஒரு ஆள். அப்பாதான். ஒவ்வொரு துறைக்கும் எத்தனை மணிக்குச் சேருவோம், அதற்கு மேல் எத்தனை மணி வரை போன் வராவிட்டால் தேட ஆரம்பிக்கணும் என்று எழுதிக் கொடுத்தோம். கடலோரக் காவல் 1093, கடலோரக் காவல்படை 1554. கிளம்பும் அன்று காலையில் காற்று மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பயணம் ரத்து, யாரும் யாரையும் கிண்டல் பண்ணக்கூடாது என்று முன்கூட்டியே ஒப்பந்தம். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையும், ஹைதராபாத் இன்காய்ஸ் தருகிற கடல்நிலை அறிக்கையும் ராத்திரி ஒரு தடவை, விடிகாலை ஒரு தடவை. முதல் நாள் நிஜமாகவே ரத்தானது. நான் லீவைச் சொல்லி ஆபீஸில் மறுபடி ஒரு பொய் ஜோடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அஞ்சரைக்குக் கிளம்பினோம். தொண்டி வரை சொல்வதற்கு ஒன்றுமே இல்லை, எனக்கு வாந்தி வந்ததைத் தவிர. தொண்டியைத் தாண்டி ஒரு மணி நேரம் போனதும் எஞ்சின் ரெண்டு தடவை இருமி நின்றுவிட்டது. அந்த அமைதியை எப்படிச் சொல்ல? தண்ணீர் படகின் அடியில் சளக் சளக் என்கிற சத்தம் மட்டும். கரை மூணு கிலோமீட்டரில் ஒரு பச்சைக்கோடாகத் தெரிந்தது. நண்பன் நங்கூரத்தை இறக்கினான். அண்ணன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "டேங்கு அடில பழைய கசடு கிடக்கும். கொஞ்சம் அலை அடிச்சா கலங்கி பில்டரை அடைக்கும். இதுக்கு வழக்கம்தான்" என்று டப்பாவைத் திறக்கச் சொன்னார். பதினைஞ்சு நிமிஷம். பில்டர் மாற்றி, குழாயை ஊதி, மறுபடி கயிற்றை இழுத்தார், கிளம்பியது. கரை ஓரத்து ட்ரயல் ஓட்டத்தில் தண்ணீர் தாம்பாளம் மாதிரி இருந்ததால் கசடு கலங்கவே இல்லை போல.

தேவிபட்டினத்தில் மத்தியான வாக்கில் கரையேறினோம். அதற்கப்புறம் கடல்காற்று ஏறத் தொடங்கியதால் மூணாவது துண்டு மறுநாள் காலைக்கு என்று முடிவாயிற்று. நான் லீவு முடிந்து அங்கிருந்தே ராமநாதபுரம் போய் மதுரைக்கு பஸ் பிடித்தேன். (நவபாஷாணம் வரைக்கும் போய்ட்டு கும்பிடாமயா வந்த என்று அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.) மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு அப்பாவிடமிருந்து போன். "வந்துட்டாங்க தம்பி." அவ்வளவுதான் சொன்னார். பின்னாடி யாரோ படகை இழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டேங்கைக் கழற்றிக் கழுவியாகிவிட்டது. படகின் பேர் மட்டும் இன்னும் மாறவில்லை, அணியத்தில் பழைய ஓனரின் மகள் பேரே இருக்கிறது. ஐப்பசியில் வாடை தொடங்கும் முன் பாம்பன் கால்வாய் வழியாக அதைத் தென்கடலுக்குக் கொண்டு போகணுமாம். பாலத்துக்கு அடியில் நீரோட்டம் பிச்சுக்கிட்டுப் போகும், அதுக்கும் ஒரு பிளான் போடு மாப்ள என்கிறான். நோட்டு வாங்கிவிட்டேன். ஆனால் இந்தத் தடவை நான் ரோட்டுப் பாலத்து மேல நின்னு கை காட்டுறதா ஏற்பாடு :-)