பெட்டி எழுதும் நாட்குறிப்பு

இணையம் அறுந்ததும் நாம் முதலிற் செய்வது, ரவுட்டர்ப் பெட்டியை அணைத்து மீண்டும் இயக்குவதே. நோய் தீர்கிறதோ இல்லையோ, சான்று அழிந்துவிடுகிறது. தனக்கு நேர்வதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் பெட்டி அது. எனினும் அக்குறிப்பு பெரும்பாலும் மின்சாரம் உள்ளவரையே அதன் நினைவில் நிற்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்து நாடே மின்சாரமின்றி நின்றதன்றோ, அன்று இத்தகைய குறிப்புகள் எத்தனை மாண்டனவோ!

தாராபுரத்து மாணவி ஒருத்தி, பல்கலைக்கழக விண்ணப்பத்தின் இறுதி நாளில் இணைப்பின்றித் தவிக்கிறாள் என்று கொள்வோம். ‘எங்கள் பக்கம் பழுதில்லை’ என்று இணைப்பு வழங்குவோர் கூறிவிட்டால், அவள் எதைக் காட்டி வாதாடுவாள்?

ஆகவே குறிப்பின் பிரதியொன்று வேறிடத்திற் சேரவேண்டும். அதற்கு உதவுவது சிஸ்லாக் என்னும் முறை. 1980களில் எரிக் ஓல்மன் என்ற அமெரிக்கர், சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளுக்காக இதனை வகுத்தார். ரவுட்டரில் இன்னொரு கணினியின் முகவரியைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு வரியும் அங்கே போகும். இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. காணி உறுதி முடிக்கும் நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்து, மற்றொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தாராபுரத்தாரும் வீடுவாசலை விட்டு நீங்கினர். புத்தளம் பக்கம் சென்று வாழ்ந்தோர் பலர். உறுதியின்றி ஊர் திரும்பியவருக்கு வேறிடத்துப் பிரதியின் அருமையை நாம் சொல்லவேண்டுவதில்லை.

அந்த வேறிடம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெளிக்கம்பி அறுந்த வேளையில் வெளியூர்க் கணினிக்கு அனுப்பும் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? மேலும், பழைய சிஸ்லாக் வழக்கம் சாதாரணத் தபாலைப் போன்றது; கிடைத்ததா என்று கேட்பதில்லை. மின்கலத் துணையுள்ள சிறு கணினியொன்று போதும்.

இனி, நேரம். தமக்கெனக் கடிகார மின்கலம் இல்லாத பெட்டிகள் பல, மின்சாரம் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று நாளெண்ணத் தொடங்கும். அத்தகைய குறிப்பை எவர் நம்புவார்? வலையிலுள்ள நேரச் சேவையகத்தைக் காட்டிக் கொடுத்தால் பெட்டி தானே திருத்திக்கொள்ளும். எந்த நாட்டு நேரம் என்பதையும் குறிப்பில் எழுதச் செய்வது நன்று. நேரக் குழப்பம் நாம் அறியாததா? 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியது; புலிகளின் ஆட்சிப் பகுதிகளோ பழைய நேரத்தையே கைக்கொண்டன. ஆண்டிறுதியிலிருந்து 2006 ஏப்ரல் வரை, ஒரே நாட்டில் அரைமணி வேறுபாட்டுடன் இரு கடிகாரங்கள் ஓடின. ‘பத்து மணிக்கு’ என்றால், ‘எந்தப் பத்து?’ என்று கேட்கவேண்டியிருந்தது.

எவற்றை எழுதச் சொல்வது என்பதொன்றே மீதி. செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள்: 0 பேராபத்து, 7 பழுது தேடுவோருக்கான நுணுக்கம். 7 என்றால் குப்பை குவிந்து வேண்டிய வரி மறைந்துபோகும். சிஸ்கோ பெட்டிகளிற் கம்பி அறுந்த செய்தி 3ஆம் படியிலும், அதன்மேல் ஓடும் தொடர்பு நின்ற செய்தி 5ஆம் படியிலும் வரும். ஆதலால் 5 வரை கேட்பதே நம் பரிந்துரை. அப்பெட்டிகளில் இவ்வளவும் செய்தபின் அமைப்பைச் சேமிக்கவும் வேண்டும். இல்லையேல் அடுத்த மின்வெட்டில் அதுவும் போய்விடும்.