உள்ளே கொஞ்சம் பெயின்ட்

எங்கள் வீட்டு மைக்ரோவேவுக்குப் பதினோரு வயது. உள்சுவரில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கிறது. ரிப்பேர்க்காரர், 'தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க சார்' என்றார். மனைவி, 'கேட்டுக்கு அடிச்ச எனாமல் மிச்சம் இருக்கே' என்றாள். இரண்டும் வேண்டாம்.

1945-ல் அமெரிக்காவில், ரேதியான் கம்பெனியின் பெர்சி ஸ்பென்சர் ரேடார் மேக்னெட்ரான் அருகில் நின்றபோது அவர் பையிலிருந்த மிட்டாய் உருகியது. தத்துவம் இன்றும் அதேதான். சுமார் 12 சென்டிமீட்டர் அலைநீள அலைகள் பெட்டிக்குள் மோதித் திரும்பி, சாம்பாரில் உள்ள தண்ணீரைச் சூடாக்குகின்றன. அலைகளை உள்ளே அடைத்து வைப்பது உலோகத் தகடு, பெயின்ட் இல்லை. பெயின்ட்டின் வேலை, ஆவியும் உப்பும் புளியும் தகட்டைத் தின்னாமல் காப்பது. அது போனால் துரு. துருவின் கூர்முனையில் 'பட் பட்'டென்று பொறி. மெட்டாலிக் பெயின்ட்டில் உலோகத் தூள் இருக்கலாம், அதுவும் பொறி கிளப்பும். சாதாரண எனாமல் சூட்டில் என்ன புகை விடும் என்று சாப்பாட்டை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

மைக்ரோவேவின் உட்புறத்துக்கென்றே பெயின்ட் விற்கிறார்கள். ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு, பிசுக்குப் போகக் கழுவித் துடையுங்கள். உப்புத்தாளால் துருவைப் பளபளக்கும் வரை தேய்த்து, தூளைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காயட்டும். பக்கச் சுவரில் அட்டை போலிருக்கும் மைக்கா தகட்டிலும் கதவின் வலையிலும் படக் கூடாது. பிறகு ஒரு கப் தண்ணீர் வைத்து ஓட்டிப் பாருங்கள். பொறி வராவிட்டால் சமைக்கலாம். துரு தகட்டையே ஓட்டை போட்டிருந்தால் மட்டும் ரிப்பேர்க்காரர் சொன்னதே சரி.

நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது மைத்துனர் பையன், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், ஸ்க்ரூ டிரைவருடன் வந்து பின்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தான். 'துரு அந்தப் பக்கமும் இருக்கும் மாமா.' கையைப் பிடித்து நிறுத்தினேன். 'அதான் ப்ளக்கைப் பிடுங்கியாச்சே?' என்றான். உள்ளே ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் 2,000 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கக் கூடியது. தொட்டால் ஆளைக் கொல்லும். அதற்கு மார்க்‌ஷீட் தெரியாது.

சுவர் வரைதான் நம் எல்லை. ஸ்க்ரூவுக்கு அப்பால் மெக்கானிக்.